மிச்சம் வராத தட்டுகள்

அந்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் அரிசிக்குப் படி உண்டு, எண்ணெய்க்குக் கரண்டி உண்டு, பாலுக்குக் குவளை உண்டு. உப்புக்கு மட்டும் சமையல்காரியின் மூன்று விரல்கள்தான். கைப்பக்குவம், கைப்பக்குவம் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி, பாதி உதிர்ந்து, பக்குவம் என்றே அவளுக்குப் பேர் நிலைத்துவிட்டது. இருபத்தாறு பேர் சாப்பிடும் இடம். முக்கால்வாசிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு. வேலைக்குச் சேர்ந்த அன்று நர்ஸம்மா சொன்னது ஒரே ஒரு சட்டம்தான்: வீட்டில் போடுவதில் பாதி உப்பு. அந்தப் பாதியைப் பதினோரு வருஷமாகப் பக்குவத்தின் நாக்கு காவல் காத்துவந்தது.

அந்த நாக்குக்கு வினை ஈறிலிருந்து வந்தது.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துத் துப்பினால் தொட்டி முழுக்கச் சிவப்பு. மறுநாளும் அப்படியே. அதோடு வாயில் ஒரு வாடை. அவளுடைய கணவர் பேருந்து ஓட்டுகிறவர், வாயில்லாப் பூச்சி. அவரே ஒரு நாள் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊருக்குச் சமைத்துப் போடுகிறவளின் வாயில் ரத்தம் என்று தெரிந்தால் அடுப்பை விட்டு இறக்கிவிட மாட்டார்களா? யாரிடமும் மூச்சு விடாமல் பல் டாக்டரிடம் போனாள்.

பல்லடியில் காரை கல்லாக இறுகியிருக்கிறது, அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், முதலில் வீக்கம் அடங்கட்டும் என்றார் டாக்டர். கொப்பளிக்க ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். காலையில் ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி, ஒரு நிமிஷம் வாயில் வைத்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது, இரண்டு வாரம் கழித்துச் சுத்தம் பண்ண வர வேண்டும். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே பக்கத்து அறையில் அந்தச் சுத்தம் பண்ணும் கருவி கிர்ரென்று கத்தியது. அவளுக்குக் காது அதோடு அடைத்துப் போயிற்று.

மருந்து நன்றாகவே கேட்டது. ஐந்தாம் நாள் ரத்தம் நின்றது, வாடை போனது. இரண்டு வாரம் முடிந்தது. ரத்தம்தான் நின்றுவிட்டதே, இனி அந்தக் கருவிக்கு ஏன் வாயைத் திறக்க வேண்டும்? கடைக்காரர் கேள்வி கேட்காமல் இரண்டாவது பாட்டில் கொடுத்தார், அது தீர்ந்ததும் மூன்றாவது. விட்டால் ரத்தம் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் இரண்டு வேளை மூன்றாயிற்று, மூன்று ஐந்தாயிற்று. காலையில் பல் தேய்த்த பற்பசை நுரை போகுமுன்பே ஒரு மூடி. இல்லத்துக்கு வந்து தேநீர் குடித்ததும் ஒரு மூடி. பதம் பார்த்த கரண்டி கழுவுமிடத்துக்குப் போகும், அவள் துண்டில் சுற்றிய பாட்டிலோடு குளியலறைக்குப் போவாள்.

ஏழாவது வாரம் ஆனது. அதற்குள் அவளுக்குப் பெருமைப்பட ஒரு காரணமும் கிடைத்திருந்தது. இல்லத்தில் தட்டுகள் காலியாகத் திரும்பி வந்தன. முன்பெல்லாம் மிச்சம் வைத்துவிட்டு முனகுகிறவர்கள் இப்போது கரண்டியால் வழித்துச் சாப்பிட்டார்கள். கப்பலில் முப்பது வருஷம் இயந்திரம் ஓட்டிய பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். எல்லோருக்கும் அவர் கப்பல்காரர். அவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு சமையலறை வாசலுக்கே வந்து, பதினோரு வருஷத்தில் இப்போதுதான் சூப்புக்கு உயிர் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

துணைக்குச் சமைப்பவள் மட்டும் இரண்டு தடவை, “கொஞ்சம் கரிக்குதேக்கா” என்றாள். அவள் வாய் காலையில் திறந்தால் சாயங்காலம்தான் மூடும், பேர் வானொலி. “உனக்கு நாக்கு நீளம். அதான் எல்லாம் கூடுதலாத் தெரியுது” என்று பக்குவம் ஒரே போடாகப் போட்டாள். வீட்டில் கணவர் சாப்பாட்டுக்கு நடுவே கூடுதலாக இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்ததை வெயில் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நர்ஸம்மா சமையலறைக்குள் வந்தார். அவர் அங்கே வருவதே அபூர்வம். கப்பல்காரருக்கு இரண்டு காலும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, மூச்சு வாங்குகிறது, இப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம் என்றார். இன்னும் மூன்று பேருக்குக் கொதிப்பு ஏறியிருக்கிறதாம்.

“உப்பு பழைய அளவுதானே?”

“கண்ணைக் கட்டிப் போடச் சொன்னாலும் மாறாதுங்க.”

சொல்லி முடிக்கும்போதே வானொலி இரண்டு தடவை கரிக்குது என்றது ஞாபகம் வந்தது. நர்ஸம்மாவின் காலடிச் சத்தம் தேய்ந்ததும், உப்பு ஜாடியைத் திறந்து ஒரு சிட்டிகையை நேராக நாக்கில் வைத்தாள். நறநறவென்றது. மணல் மாதிரி. அவ்வளவுதான். இன்னொரு சிட்டிகை வைத்தாள். அதுவும் மணல்தான்.

குளியலறைக் கண்ணாடியில் நாக்கை நீட்டினாள். நடுவில் பழுப்பு படர்ந்திருந்தது. உதட்டைத் தூக்கினாள். ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் யாரோ மை தீட்டியது போல ஒரு கோடு. பேர் சொல்லவே வீட்டில் பயப்படும் அந்தப் புற்றுநோய் வாயில் இப்படித்தான் தொடங்கும் என்று யாரோ எப்போதோ சொன்னது மனசில் வந்து நின்றது. தனக்கு வந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். தட்டுகள் காலியாக வந்தது கைப்பக்குவத்தாலா? வருஷக்கணக்கில் உப்புக்கு ஏங்கிக் கிடந்தவர்களுக்குத் தினம் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறாளா?

அடுப்பில் மதியத்துச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. உப்பு ஏற்கெனவே போட்டாயிற்று. பன்னிரண்டு மணிக்குத் தள்ளுவண்டி கிளம்பிவிடும். வெளியே சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இருபத்தைந்து தட்டும் போகும். ஒரு கணம், இன்று மட்டும் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம் என்றுகூடத் தோன்றியது. எவ்வளவு ஊற்றுவது? அதைச் சொல்ல வேண்டிய நாக்குதான் செத்துக் கிடக்கிறதே.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கரண்டியை இன்னொருத்தியிடம் நீட்டினாள்.

“இதை வாயில வச்சுப் பாரு.”

வானொலி தயங்கினாள். “சொன்னா உங்களுக்குக் கோவம் வரும்க்கா.”

“வராது. பாரு.”

வானொலி ஒரு வாய் குடித்தாள். நேராகப் போய்க் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தாள்.

“எத்தனை நாளா இப்படி?”

“மூணு வாரம் இருக்கும்க்கா. நான் சொன்னேன். நீங்கதான் என் நாக்கை அளந்துட்டீங்க.”

பக்குவம் அடுப்பை அணைத்தாள். சூப்பை ஒதுக்கிவிட்டு உப்பே போடாமல் காய் வேகவைக்கச் சொன்னாள். துண்டோடு பாட்டிலையும் அதன் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு நர்ஸம்மாவின் அறைக்குப் போனாள். கதவுக்கு வெளியே இரண்டு தடவை திரும்பி நடந்துவிட்டு, மூன்றாவது தடவை தட்டினாள்.

நர்ஸம்மா எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பாட்டிலின் அட்டைப்பெட்டிக்குள் மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்த தாளை எடுத்துப் பிரித்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“அஞ்சு.”

“எத்தனை வாரம்?”

“ஏழு.”

அவர் தாளைப் படித்துச் சொன்னார். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் போனால் பல்லும் நாக்கும் கறை பிடிக்கலாம். சுவை மாறும், முக்கியமாக உப்பு மரத்துப் போகும். பற்பசையோடு சேர்ந்தால் மருந்து வேலை செய்யாது, நடுவில் அரை மணியாவது விட வேண்டும். கொப்பளித்த கையோடு தேநீர் குடித்தால் கறை இன்னும் ஏறும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பொடி எழுத்தில் எல்லாமே இருந்தது.

“அப்ப இது அந்த நோய் இல்லையா?”

“கறைன்னுதான் தோணுது. ஆனா எனக்குத் தோணினாப் போதாது. இன்னைக்கே டாக்டர்கிட்டப் போய் வாயைக் காட்டுங்க.”

“கப்பல்காரருக்கு என்னாலதானா நர்ஸம்மா?”

நர்ஸம்மா தாளைப் பழையபடி மடித்தார். “அவரு தலையணைக்கு அடியில பத்து மாத்திரை கிடந்துச்சு. முழுங்காமப் பதுக்கி வச்சிருக்காரு. அதுவா, உங்க உப்பா, இல்ல ரெண்டுமான்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது.”

பிரிக்க முடியாத அந்த ஒன்றைத்தான், தன் உப்பா அவர் மாத்திரையா என்று, அன்றிலிருந்து அவள் தினமும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டர் நாக்கை, ஈறை, கன்னத்தின் உள்பக்கத்தை விளக்கு வைத்துப் பார்த்து, கறைதான் என்றார். மருந்தை அன்றோடு நிறுத்தச் சொன்னார். “தீயை விட்டுட்டுப் புகையை விசிறிக்கிட்டு இருந்திருக்கீங்க. இந்தக் காரையை எந்தத் தண்ணியாலயும் கரைக்க முடியாது.” பிறகு அந்தக் கருவி கிர்ரென்றது. நாற்காலியின் கைப்பிடியில் அவள் நகம் பதிந்தது. பயந்ததில் பாதிகூட வலிக்கவில்லை என்பதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

வேலை போகவில்லை. உப்பை இனி தராசில் நிறுத்துப் போட வேண்டும், வானொலி ருசி பார்த்த பிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும் என்று மேலாளர் உத்தரவு போட்டார். “நான் பேசினா யாரும் கேக்க மாட்டாங்க. இப்பப் பாருங்க, என் நாக்குக்குச் சம்பளம்” என்று வானொலி எட்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்பதாம் நாள் பக்குவத்தின் நாக்கு நுனியில் உப்பு லேசாகச் சுள்ளென்றது. அதை அவள் நம்பவில்லை. நாக்கு முழுசாகத் திரும்பிய பிறகும் தராசை ஓரங்கட்டவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கப்பல்காரர் திரும்பி வந்தார். கால் வற்றியிருந்தது, ஆளும் பாதியாகியிருந்தார். அன்று மதியமே ஊன்றுகோல் சத்தம் வாசலில் கேட்டது.

“என்னம்மா, சூப்பு மறுபடி செத்துப் போச்சே. அந்த மாதிரி ஒரே ஒரு நாள் வச்சுக் குடேன். யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்யா” என்றாள்.

அவர் முனகிக்கொண்டே போனார். ஒரு மணிக்குத் தள்ளுவண்டி திரும்பி வந்தது. பக்குவம் ஓடிப்போய் ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பார்த்தாள். பழைய நாட்களைப் போலவே பதினாறு தட்டில் மிச்சம் இருந்தது. கப்பல்காரரின் கிண்ணத்தில் சூப் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. அதைக் கொட்டிவிட்டுத்தான் அவள் சாப்பிட உட்கார்ந்தாள்.