பசிலிசா பாதையை உடைத்த நாள்

பசிலிசாவின் வீட்டுத் தரை மூன்று தடவை உயர்ந்துவிட்டது. கூரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டவன் அவள் கணவன் நெமெசியோ. தீவிலேயே உயரமான ஆள். வீட்டுக்குள் குனிந்து குனிந்து நடந்து பழகி, இப்போது தலைக்கு மேல் வானம் மட்டும் இருக்கிற இடத்திலும் குனிந்தே நடக்கிறான்.

நிலம் நடுங்கிய வருஷத்தில் தீவு இறங்கியது. பிலிப்பைன்ஸின் போஹோல் கரையிலிருந்து பார்த்தால் இப்போது வீடுகள் கடலில் மிதக்கிற மாதிரி இருக்கும். அதற்கு முன் பௌர்ணமி என்றால் நிலா மட்டும்தான். இப்போது பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் வீட்டுக்குள் வருகிறது. கட்டில் கால்களை நனைக்கிறது. திரும்பும்போது ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு போகிறது. புயலுக்காவது ஒரு பெயர் வைக்கிறார்கள். வானொலியில் சொல்கிறார்கள், படகு அனுப்புகிறார்கள், பெரிய தீவின் பள்ளிக்கூடத்தில் படுக்கவைத்து டின் மீன் கொடுக்கிறார்கள். இந்தத் தண்ணீருக்குப் பெயரும் கிடையாது, டின் மீனும் கிடையாது.

மலையடியில் வீடு தருவதாக அரசாங்க ஆட்கள் வந்து சொன்னபோது பசிலிசா போய்ப் பார்த்தாள். சுவரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. “படகை எங்க கட்டுறது, வாழை மரத்துலயா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, நெமெசியோவின் வலையில் சிக்கியிருந்த நண்டுகளைப் பிரிக்க உட்கார்ந்தாள். பதினாறு வயதிலிருந்து அவள் செய்கிற வேலை அது. விரல் நுனிகளில் ரேகை இல்லை.

மகள் மரிவிக்குக்கு செபு நகரத்தில் ரொட்டிக் கடையில் வேலை. அங்கே பேருந்து ஓட்டும் ஒரு பையனைப் பிடித்துவிட்டது. பையன் வீட்டார் முறைப்படி பன்றி வாட்டி எடுத்துக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வர வேண்டும், கேட்க வேண்டும். தீவின் காவல் புனிதர் சான் ரோக்கேயின் திருவிழாவன்று வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வருஷம் திருவிழா பௌர்ணமியில் விழுந்தது.

“அம்மா, இங்கயே ஒரு ஹோட்டல்ல வச்சுக்கலாமே,” என்றாள் மரிவிக் போனில்.

“ஹோட்டல்ல வந்து கேட்டா ஹோட்டல்காரன்தான் பதில் சொல்லணும். எனக்கு வீடு இருக்கு.”

அவர்கள் வருகிற வேளையில் தரை காய்ந்திருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகத்தான் மூன்றாவது தடவை. நெமெசியோ படகு படகாகப் பவளக்கல் கொண்டுவந்து கொட்டினான். மேலே சிமென்ட் பூசினார்கள். கூரையை உயர்த்தலாம், அதற்குக் காசு வேண்டும். கல் கடலில் கிடக்கிறது.

பிறகு கப்பித்தான் பாதையை உயர்த்தினான்.

ஊர்த்தலைவனைத் தீவில் கப்பித்தான் என்பார்கள். இப்போதைய கப்பித்தான் ருபெர்தோ அவளுடைய சித்தி மகன். போன வருஷ ஊர்வலத்தில் முழங்கால் தண்ணீரில் சான் ரோக்கே சிலையைச் சுமந்தவர்களில் ஒருவன் வழுக்கி, புனிதரின் காலடியில் நிற்கும் நாய்க்கு வால் உடைந்துபோனது. இந்த வருஷம் புனிதர் நனையக் கூடாது என்று ருபெர்தோ, ஊர் வீடுகளின் வாசல்களை ஒட்டி, தரைகளைவிட உயரமாக, சிமென்ட் பாதை போட்டுவிட்டான். முன்பெல்லாம் தண்ணீர் வாசல் வழியாக வந்து வாசல் வழியாகவே போகும். இப்போது சதுப்புப் பக்கமிருந்து கொல்லை மேட்டைத் தாண்டி உள்ளே வந்தது. வந்த தண்ணீர் பாதையில் முட்டி நின்றது. கடல் இறங்கிய பிறகும் வீடு தொட்டி மாதிரி நிரம்பியிருந்தது.

“கப்பித்தான்,” என்று போய் நின்றாள். அவள் பதவியைச் சொல்லிக் கூப்பிட்டால் கோபம் என்று அவனுக்குத் தெரியும்.

“என்ன மனாங், விருந்துக்கு இப்பவே கூப்பிட வந்துட்டீங்களா?” தீவில் சின்னவர்கள் எல்லோருக்கும் அவள் மனாங், அக்கா.

“கடல் போயிடுச்சு, என் வீட்டுத் தண்ணி போகல. உன் பாதை அணை மாதிரி நிக்குது.”

“என் பாதையா? ஊர்ப் பாதை. நாய் வாலு உடைஞ்சப்ப நீங்கதானே அழுதீங்க?”

“அழுதேன். அதுக்காக என் வீட்டைக் குளமாக்கச் சொன்னேனா? அடியில ஒரு குழாய் வச்சுக் குடு.”

“திருவிழா முடியட்டும், எழுதிப் போடுறேன்.”

“அன்னிக்குத்தாண்டா பொண்ணு கேட்டு வர்றாங்க!”

“அப்ப தரையை இன்னும் கொஞ்சம் ஏத்திடுங்க.”

பின்னால் நின்ற நெமெசியோ வாயைத் திறந்தான். “ஏத்தலாம். அப்புறம் நான் தவழ்ந்துதான் வரணும். சம்பந்தி என்னைப் பார்த்துட்டு, பொண்ணோட அப்பனா ஆமையான்னு கேப்பாரு.”

ருபெர்தோ சிரித்தான். பசிலிசா சிரிக்கவில்லை.

திருவிழாவன்று விடியும்போது கடல் வந்தது. பூசை மணி அடிக்கையில் போய்விட்டது. பாதை காய்ந்து, கொடிகள் பறந்தன. வீட்டுக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர், அதில் விரல் நீளத்துக்கு ஒரு மீன். வாளியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். ஊற்ற ஊற்ற கொல்லைப் பக்கமிருந்து ஊறி வந்தது. புதுப் பாவாடை நனைந்துவிட்டது. வாளியைச் சுவரில் எறிந்தாள்.

கோயிலுக்குப் பின்னால் கொடிக்கம்பம் நட்ட கடப்பாரை சாய்த்து வைத்திருந்தது. உள்ளே எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டு வந்தாள்.

முதல் குத்திலேயே சிமென்ட் பெயர்ந்தது. மணல்தான் அதிகம்.

“லிசா, பூசை நடக்குது,” என்றான் நெமெசியோ.

“நடக்கட்டும். நீ அந்தக் கல்லை நகர்த்து.”

நகர்த்தினான். பாதையின் குறுக்கே ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு வழி திறந்தது. தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு சத்தத்தோடு ஓடியது. மீனும் போனது. அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே தள்ளினாள்.

தரை தெரிந்த நேரத்தில் மேளம் கேட்டது. ஊர்வலம் பள்ளத்துக்கு முன்னால் வந்து நின்றது.

“மனாங்! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?” ருபெர்தோவின் முகம் சிவந்திருந்தது.

“குழாய் வச்சுக் குடுன்னு கேட்டேன். நீ குடுக்கல.”

“சாமி வர்ற பாதையில...”

“கப்பித்தான், தாண்டவா, இறங்கவா?” என்றான் சுமப்பவர்களில் ஒருவன். “தோள் போகுது. சீக்கிரம் சொல்லு.”

“இறங்காதே, இந்தத் தடவை நாயே போயிடும்,” என்றான் இன்னொருவன். அடுத்த தீவிலும் பூசை வைக்க வேண்டிய பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நெமெசியோ உள்ளே போய் வீட்டுக் கதவைக் கழற்றி எடுத்து வந்தான். பள்ளத்தின் மேல் போட்டான். சான் ரோக்கேயும் நாயும் அதன் மேல் கடந்து போனார்கள்.

“உங்க கதவு மேல நடந்துட்டாரு மனாங், சாமிக்கும் ஒரு தட்டு வையுங்க!” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

ருபெர்தோ நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “திங்கக்கிழமை மேஸ்திரி வருவான். அடைச்சிடுவேன்.”

ஊரே அதன் மேல் போய் வந்துகொண்டிருந்ததால் கதவைத் திரும்ப எடுக்க முடியவில்லை. கதவில்லாத வாசல் வழியாகத்தான் பையன் வீட்டார் பன்றியோடு நுழைந்தார்கள். பையனின் அம்மா வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தாள். தரை ஈரமாக இருந்தது, தண்ணீர் இல்லை. பசிலிசா அதையே பார்த்துக்கொண்டு பரிமாறினாள். அவர்களோடு படகில் வந்திருந்த மரிவிக் ஒரு தடவை அம்மாவின் கையை அழுத்திவிட்டுப் போனாள்.

சாப்பாடு முடிந்தும் பேச்சு நீண்டது. அவர்கள் புறப்படவும் முடியாது. அவர்கள் வந்த படகு தரைதட்டிக் கிடந்தது, மிதக்க நீர் ஏற வேண்டும். பையனின் அப்பா நேராகக் கேட்கிற ஆளில்லை. தோட்டம், அதில் ஒரு பூ, அந்தப் பக்கமாக வந்த ஒரு வழிப்போக்கன் என்று சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

பூவைப் பறிக்கலாமா என்று அவர் கேட்டு, நெமெசியோ தலையாட்டும்போது நீர் ஏறியது.

காலையில் தண்ணீர் வெளியே போன அதே வழியில் வந்தது. கொல்லை வழியாகவும் வந்தது. பாதை போட்ட பிறகு இவ்வளவு வேகமாக அது வந்ததே இல்லை. பசிலிசா பள்ளத்தைப் பார்த்தாள். அதைப் பற்றி அவள் காலையில் யோசிக்கவே இல்லை.

விருந்தாளிகள் கால்களைத் தூக்கி பெஞ்சின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளைச் சப்பாத்து நனைந்துவிட்டது.

“கல்யாணத்தை எங்க பக்கமே வச்சுக்கலாம்,” என்றாள் பையனின் அம்மா. “அப்புறம் நீங்களும் அங்கயே வந்துடுங்களேன். இங்க எப்படித்தான் இருக்கீங்களோ, பாவம்.”

பசிலிசா சோற்றுத் தட்டை மேசையில் வைத்தாள். “பொண்ணைக் கேட்டீங்க, குடுத்தாச்சு. வீட்டைக் கேக்காதீங்க.”

நிலைமையைச் சரிசெய்ய நெமெசியோ சட்டென்று எழுந்தான். உத்திரத்தில் மடாரென்று மோதிக்கொண்டான். முதலில் மரிவிக்தான் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

படகு போனது. இருட்டிய பிறகு நீர் இறங்கத் தொடங்கி, பள்ளத்தின் வழியாக ஒரு சொட்டு நிற்காமல் வெளியேறியது. தரையில் சேறும், பன்றியின் தோல் துண்டுகளும் கிடந்தன. பசிலிசா பெருக்கினாள். உடம்பெல்லாம் எரிந்தது. ருபெர்தோ மேல் கோபம், சப்பாத்துக்காரி மேல் கோபம், போகிற வழியிலேயே கடல் திரும்பி வரும், பள்ளத்தை மூட ஒரு பலகை வேண்டும் என்று காலையில் தோன்றாமல் போன தன் மேலும் கோபம்.

“கோயில் கடப்பாரையைக் குடுத்துட்டு வரட்டுமா?” என்றான் நெமெசியோ, நெற்றியைத் தடவிக்கொண்டு.

“திங்கக்கிழமை மேஸ்திரி வந்து அடைச்சுட்டுப் போகட்டும்,” என்றாள். கடப்பாரையைக் கழுவி, துடைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.