மூடி வைத்த தட்டு

ஒரகடம் கூட்டுரோட்டின் புழுதியையும் டீசல் புகையையும் தாண்டி மூக்கில் ஏறும் கருவாட்டுக் குழம்பு மணம் என் அம்மாவின் கடையிலிருந்து வந்தது. கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில் தகரக் கூரை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்தினாள். காலை ஷிப்டு முடித்து மதியம் இறங்கும் தென்மாவட்டத்துப் பையன்கள்தான் அவளுடைய வாடிக்கை. எவனுக்காவது ஓவர்டைம் என்று தகவல் வந்தால் அவன் சோற்றைப் போட்டு மூடி வைப்பாள். அதற்கு "ஓ.டி. தட்டு" என்று பெயர். வேறு யார் பசியோடு வந்து நின்றாலும் அதைத் தொடமாட்டாள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு போட்ட சிக்கன் கடை வந்தது. ஒரு நாள், சங்கரன்கோவில் பக்கத்துச் செல்வம் அண்ணன் சாப்பிட வரவில்லை, சொல்லியும் அனுப்பவில்லை. அம்மா வழக்கம்போலத் தட்டை மூடி வைத்தாள். நாலு மணியானதும் பொறுக்காமல், "ரூம்ல உடம்பு சரியில்லாம படுத்துனு கீறானா, பாத்துட்டு வாடி" என்று என்னை அனுப்பினாள்.

ரூம் வரை போக வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெளியே வந்து, மொறுமொறுவென்று ஒரு துண்டைக் கையில் திணித்தார். "அக்காட்ட ஓ.டி.ன்னு சொல்லிரு தாயி. பாவம், வருத்தப்படும்."

சொன்னேன். அதோடு நிற்கவில்லை என்பதுதான் கேவலம். மறுநாளிலிருந்து நானே அந்தக் கதவருகே போய் நின்றேன். மற்ற அண்ணன்களும் என்னிடமே "ஓ.டி." சொல்லியனுப்பினார்கள். ஆளுக்கொரு துண்டு எனக்கு. "கம்பெனில வேல ஜாஸ்தி போல கீது, பாவம் பசங்க" என்று அம்மா வரிசையாகத் தட்டுகளை மூடினாள். சாயங்காலம் திறந்தால் சோறு நசநசத்துப் போயிருக்கும்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து என் கையைப் பிடித்து முகர்ந்தாள். வரிசையாக இருந்த தட்டுகளைப் பார்த்தாள். "கைய கழுவிக்கினு வா" என்றாள், அவ்வளவுதான். நாலு அடி அடித்திருக்கலாம்.

மழைக்காலம் வருவதற்குள் அடுப்பு அணைந்துவிட்டது. தகரக் கூரை இருந்த இடத்தில் இன்று சிக்கன் தின்ன வருபவர்கள் பைக் நிறுத்துகிறார்கள். அந்தக் கடையைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் எனக்கு என் மேல்தான் எரிச்சல் வருகிறது. செல்வம் அண்ணன் எங்கே இருக்கிறாரோ, தெரியாது.

இப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் நானும் லைனில் நிற்கிறேன். வாரத்தில் மூன்று நாள், "அம்மா, இன்னிக்கி ஓ.டி." என்று போன் செய்கிறேன்.

"மெய்யாலுமா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, "வந்து நீயே போட்டுத் துன்னு" என்று போனை வைத்துவிடுகிறாள்.