வலது காலின் பெருவிரல்

கண்டுண்ணிக்கு வாமனனிடம் பயமே இல்லை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அஃது உண்மையன்று. வாமனன் என்ற அந்தக் கோயில் யானையின் கழுத்தில் நெடுங்காலம் அமர்ந்த பாகன் அவர்; ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே ஏறியவர்.

மீன மாதத்தில் அவருடைய வலது காலின் பெருவிரல் மூட்டுச் சிவந்து வீங்கியது. வேட்டியின் நுனி பட்டாலும் உயிர் போயிற்று. வைத்தியர் சாவித்திரி வாரஸ்யார் விரலைத் தொடாமலே பார்த்தார்.

"வாதரக்தம். கெட்டுப்போன ரத்தம் வாயுவோட வழிய மறிச்சிருக்கு. அது முதல்ல வந்து உட்கார்ற இடம் காலுதான். கருவாடும் புளிச்ச கள்ளும் பாதிக் காரணம். காலத் தொங்கப்போட்டு ஆனை மேல போனது மீதி. இதுக்குப் பணக்காரன் நோவுன்னும் பேரு உண்டு. நீ எப்பய்யா பணக்காரனான?"

"ஆனை மேல போறவன் பின்ன யாரு, வைத்தியரம்மா? ஆனைதான் என்னோடதில்ல."

வைத்தியர் சிரிக்கவில்லை. "சீந்தில் கஷாயம் குடி. அட்டை விட்டுக் கெட்ட ரத்தத்த எடுக்கணும். ஆறுற வரைக்கும் ஆனை மேல ஏறாத."

கண்டுண்ணி கஷாயத்தைக் குடித்தார்; அட்டை விட்டுக்கொள்ளவில்லை, நோவை எவரிடமும் சொல்லவுமில்லை. பாகனின் கட்டளை அவன் கால்விரலில் இருக்கிறது. இரு காதுகளின் பின்னும் ஒருசேர அழுத்தினால் யானை நிற்கும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் எதிர்ப்பக்கம் திரும்பும். விரல் இழந்தவனிடம் யானையை எவர் விட்டுவைப்பார்?

பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் புறப்பட்டபோது, உடன் நடந்த இரண்டாம் பாகன் வேலப்பன் கேட்டான்: "ஆசானே, முகம் ஏன் வெளுத்திருக்கு? நான் ஏறட்டுமா?"

"நீ ஏறினா அது ஆத்துல இறங்கிப் படுத்துக்கும். பேசாம நடடா."

குறுகிய பாலத்தின் நடுவில் ஒரு பேருந்து நின்றிருந்தது. அதன் ஒலிப்பான் சிக்கிக்கொண்டு ஓயாமல் அலறியது. இறங்கிய பயணிகள் வலப்பக்கக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றனர். வாமனனின் காதுகள் விறைத்தன. கண்டுண்ணி கத்தினார், அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இரு விரல்களையும் அழுத்தினார். வலது விரல் துவண்டது. இடது மட்டும் பதிந்தது. யானை, கற்றுக்கொடுத்தபடியே, வலப்பக்கம் திரும்பியது.

சுவரோரம் ஒரு பெண் குழந்தையைத் தலைக்குமேல் தூக்கினாள்.

கண்டுண்ணி பல்லைக் கடித்து, வீங்கிய விரலை எலும்பு நொறுங்குவதுபோல் குத்தி அழுத்தினார். யானை நின்றது.

பிறகு தும்பிக்கை மேலெழுந்தது. இடது காலை அது தேடவேயில்லை. நேரே வலது பெருவிரலுக்கு வந்தது, முகர்ந்தது, மெதுவாக ஒரு முறை அமுக்கிப் பார்த்தது. கண்டுண்ணி மூச்சை அடக்கிக்கொண்டார். தும்பிக்கை இறங்கிய பின்பே வேலப்பனின் தோளைப் பற்றித் தரையில் கால் வைத்தார்.

மறுநாள் அட்டைகள் விரலில் கடித்துத் தொங்கின. அவர் அவற்றைப் பார்க்கவுமில்லை.

"வலி போயிடும். பழையபடி நடக்கலாம்," என்றார் வைத்தியர்.

"வலி போகும், வைத்தியரம்மா. எனக்கு எங்க வலிக்கும்னு ஆனைக்குத் தெரிஞ்சுபோச்சே. அதோட நெனப்பு போகுமா?"

வைத்தியர் அட்டையின் வாயில் மஞ்சள்பொடியைத் தூவினார்; அது பிடிவிட்டு விழுந்தது.

கண்டுண்ணி பிறகு வாமனன்மேல் ஏறவில்லை.