எழும்பிப் போன பெண்

ஊரில் பஸ்ஸில் ஒரு பெண் தனியாக இருந்தால், ஏறுகிற பெண் அவள் பக்கத்தில் போய் இருந்துவிட வேண்டும். மற்ற சீட்டெல்லாம் காலியாகக் கிடந்தாலும் சரி. பிறகு ஏறும் ஆண் எவனும் அங்கே வந்து இருக்க முடியாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் போய்ச் சேருவதற்குள், பக்கத்தில் இருப்பவளின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதுவரை விசாரித்து முடித்துவிடுவேன்.

இங்கிலாந்தில் முதல் நாள் வேலைக்குப் போனபோதும் அதே புத்தியோடுதான் பஸ்ஸில் ஏறினேன். உள்ளே ஒரே ஒரு வெள்ளைக்காரப் பெண், நீலக் கோட் போட்டவள். நேரே போய் அவள் பக்கத்தில் இருந்து சிரித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், காலி சீட்டுகளைப் பார்த்தாள், பையைத் தூக்கிக்கொண்டு எழும்பி முன்னால் போய்விட்டாள்.

எனக்கு முகம் காந்தியது. என் ஹபாயாவும் ஸ்காஃபும்தான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து நடைதான், நாற்பது நிமிடம், மழையில். இந்த ஊர் வேண்டாம், திரும்பிப் போவோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் இருக்கும் என் உடன்பிறந்த ராத்தாவிடம் மட்டும் ஃபோனில் அழுதேன்.

"அதுக்கு நீ ஏன் புள்ள நடக்காய்? பஸ் என்ன, அவட வாப்பாட முதுசமா?" என்றாள்.

ரோஷம் வந்து மறுநாள் ஏறினேன். பின்னால் தனியாக இருந்து கவனித்தேன். நீலக் கோட்டுக்காரி முன்னால் இருந்தாள். அடுத்து ஏறிய வெள்ளைக்காரக் கிழவி அவளைத் தாண்டிப் போய்த் தனி சீட் பிடித்தாள். பிறகு ஏறியவர்களும் அப்படியே. காலி சீட் இருக்கும்வரை யாரும் யார் பக்கத்திலும் இருக்கவில்லை. அட, அன்றைக்கு மேலே போய் விழுந்தது நான்தான்! அவள் பயந்தல்லவா போயிருப்பாள்? வந்த சிரிப்பை ஸ்காஃபால் பொத்திக்கொண்டேன். ஆனாலும் மனதின் ஓரத்தில் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் பஸ் நிறைந்திருந்தது. நீலக் கோட்டுக்காரி எனக்குப் பிறகு ஏறினாள். இரண்டே இடம்தான் காலி. ஒன்று முன்னால் ஓர் ஆணின் பக்கத்தில், மற்றது என் பக்கத்தில். நின்று பார்த்தாள். அவனைத் தாண்டி என்னிடம் வந்து, இருக்கலாமா என்று கேட்டாள்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ், நெஞ்சு லேசாகிவிட்டது. அவள் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.