இடுப்பளவுதானே

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் எல்லாரும் நெருப்புக்கு மட்டும்தான் பயப்பட்டோம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கொலுசைக்கூட உருவி வைத்துவிட்டு, வெறுங்காலோடுதான் உள்ளே போவோம். யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. ஒருத்தி கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பற்றிக்கொண்டது, ஓடு. அறுபதுகளின் தொடக்கம் அது. விஸ்வநத்தம் பக்கம் வெடி மருந்து காயவைக்கிற வேலையில் நானும் என் அண்ணன் பெண்டாட்டியும் இருந்தோம். மதினி என்றால் எனக்கு உயிர்.

எனக்கோ நெருப்பைவிட அந்த மேடை மேல்தான் பயம். ஈர மருந்து உருண்டைகளைத் தட்டுத் தட்டாக வெயிலில் பரப்புகிற சிமெண்டு மேடை, இடுப்பளவு உயரம். பரப்பினதை மிதித்துவிடாமல் இருக்க, குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து வரவேண்டும். ஓரத்தில் ஒரு தடுப்பும் கிடையாது. மதினிக்கு அப்போது ஆறு மாசம். அதற்கு முந்தி இரண்டு தடவை தங்கவில்லை. இதையாவது கையில் வாங்கணுமே என்று வீட்டில் எல்லாரும் வேண்டாத சாமியில்லை. ஆனால் தீபாவளி ஆர்டர் நெருங்குகிற சீசன். வேலையை விட்டு நின்றுகொண்டால் அந்த இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிடும்.

போர்மேனிடம் போய் நின்றேன். "அண்ணாச்சி, ஓரத்துல ஒரு கம்பாவது கட்டுங்க. மதினி மாசமா இருக்காக, பின்னாலயே நடக்காக."

"கட்டிட்டு? பத்திக்கிட்டா எல்லாரும் உள்ள நின்னு வேகவா? நாலு பக்கமும் குதிச்சு ஓடத்தான் தெறந்து கெடக்கு. இடுப்பளவுதானேத்தா, விழுந்தா என்ன ஆயிரப் போவுது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். நியாயமில்லாமல் பேசியிருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தையாவது கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

அன்றிலிருந்து என் கண் மதினியின் குதிகாலிலேயே கிடந்தது. தட்டு கொடுக்கும்போதெல்லாம் "பின்னால பாத்துக்கிடுங்க மதினி" என்று முணுமுணுப்பேன். "ஏட்டி, நீ பயந்து பயந்தே எனக்கு முன்னால பெத்துருவ போலயே" என்று சிரிப்பார்.

ஒரு நாள் உச்சி வெயிலில் தட்டோடு ஷெட்டிலிருந்து வந்தேன். மதினி குனிந்திருந்தார். இடது குதிகால் பாதி விளிம்புக்கு வெளியே நின்றது. அடுத்த எட்டு வைக்கக் கால் தூக்குகிறார். "மதினீ!" என்று அலறினேன்.

அலறின பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. மேடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் குதித்தார்கள். ஷெட்டுக்குள் இருந்தவர்கள் பொட்டலுக்கு ஓடினார்கள். மதினியும் திரும்பிக் குதித்தார். முழங்காலும் உள்ளங்கையும் தரையில் அறைய விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மறுபடி ஓடினார். "நெருப்பு இல்ல, நெருப்பு இல்ல" என்று நான் பின்னாலேயே ஓடுகிறேன். யார் காதில் விழும்?

ஆஸ்பத்திரி நர்சம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. படுத்தே இருக்கட்டும். அசைவு தெரியுதான்னு பாத்துக்கிட்டே இருங்க" என்றார்.

இரண்டு நாள் அசைவே இல்லை. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானே பிடித்துத் தள்ளினது போல இருந்தது. பாவி, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? இருந்திருந்தால் மல்லாக்க விழுந்திருப்பாரே? இதையே திருப்பித் திருப்பி நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மதினி என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தார். உள்ளிருந்து ஓர் உதை. ஓவென்று அழுதுவிட்டேன்.

அன்றைக்கே மெல்லிய கயிறு ஒன்றைச் சுருட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். விளிம்புக்கு இரண்டடி உள்ளே, மேடை மேல் நாலு பக்கமும் தளத்தோடு தளமாகப் பசை தடவி ஒட்டினேன். வெறுங்காலில் பட்டதும் நின்றுவிடலாம், தாண்டி ஓடவும் தடையில்லை. போர்மேன் பார்த்துக்கொண்டு நின்றார். பாதியில் பசை தீர்ந்தபோது அவரே இன்னொரு சட்டி கொண்டுவந்து வைத்தார்.

மதினிக்குப் பெண் பிறந்தது. தளர்நடை போட ஆரம்பித்த புதிதில் அது வாசற்படியின் விளிம்பில் போய் நின்றது. வீட்டில் எல்லாரும் "ஏ ஏ" என்று கத்தினார்கள். நான் கத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்காமல் பக்கத்தில் போய், அதன் கையைப் பிடித்துக்கொண்டேன்.