கேட்டுக்கு வெளியே நின்ற அக்கா

ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் இருந்த அந்த அக்காவுக்கு விரல் நுனியெல்லாம் சூட்டுத் தழும்புகள். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் பல வருடங்கள் ஈயம் பற்றவைத்த கை. நான் பார்த்த காலத்தில் அக்கம்பக்கத்தாரின் மின்விசிறிகளைப் பழுதுபார்த்துக் கொடுப்பார். வாசலோரம் உடைந்த வாளிகளில் மிளகாயும் கத்தரியும் வளர்ப்பார்.

ஒருநாள் செடிகளை அகற்றச் சொல்லி அடுக்குமாடி நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுப்போம்க்கா," என்றேன்.

"வேணாம்லா தம்பி. சம்பளம் கேட்டு ஸ்ட்ரைக் பண்ணப்பவும் எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. ரெண்டாவது வாரம் ஒவ்வொருத்தரா திரும்ப வேலைக்கு உள்ள போய்ட்டாங்க. நான் மட்டும் ஃபேக்டரி கேட்டுக்கு வெளிய நின்னேன். வேலையும் போச்சு."

"அவங்க மேல கோவம் இல்லையா?"

"புள்ளகுட்டிக்காரங்க. என்னா பண்ணுவாங்க?"

அடுத்த திங்கட்கிழமை காலை நிர்வாகம் அனுப்பிய இரண்டு தொழிலாளிகள் தள்ளுவண்டியோடு வந்தார்கள். வாளிகளை ஏற்றியதும் வண்டியின் சக்கரம் கழன்றுவிட்டது. அவர்கள் திருதிருவென்று விழித்தபடி நின்றார்கள். அக்கா உள்ளே போய் ஸ்பேனர் எடுத்துவந்தார். குந்தி உட்கார்ந்து சக்கரத்தை மாட்டி, நட்டை இறுக்கி, இனித் தள்ளலாம் என்று மலாயில் சொன்னார். செடிகள் குப்பைக்கொட்டகைப் பக்கம் போய் மறையும்வரை அங்கேயே நின்றார்.

நான் மூன்றாம் மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். கீழே இறங்கிப் போகவில்லை.