தேர்தல் அறிவிப்புக்கு முந்திய சந்து

ஜனக்புரியில் நாங்கள் இருந்த சந்தில் சாக்கடை உடைந்து, பக்கத்தில் போன குடிநீர்க் குழாயில் கசிந்தது. உங்களில் சின்னவள் அப்போதுதான் மஞ்சள் காமாலையிலிருந்து எழுந்திருந்தாள். மறுபடி வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும்.

வார்டு கவுன்சிலருக்குப் பதவி ஐந்து வருடம். முதல் நாலு வருடம் எப்போது போய் நின்றாலும் "ஹோ ஜாயேகா, ஆகிவிடும்" என்று டீ கொடுத்து அனுப்பினார். ஐந்தாம் வருடம் அவரே தேடி வந்தார். தேர்தல் தேதியை அறிவித்துவிட்டால் புது வேலை எதையும் தொடங்கக் கூடாது. தொடங்கிய வேலை மட்டும் நடக்கலாம். தேங்காய் உடைத்து மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிவிட்டால் தொடங்கியதாகிவிடும். அறிவிப்போ இன்றா நாளையா என்றிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு எங்கள் சந்தில் வந்து நின்றார். தேங்காயைக் கையில் எடுத்ததும் மேல் வீட்டு மாமா குறுக்கே வந்தார்.

"ராகு காலம் சார். நாலரை வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்கோ."

"சாக்கடைக்குமா மாமா ராகு காலம்?"

"உம்ம குழந்தை குடிக்கிற தண்ணியாச்சே. அதுக்குத்தான் சொல்றேன்."

அவ்வளவுதான், உங்கள் அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டாள். நான் இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். கவுன்சிலர் சிரித்தார். "அச்சா, அடுத்த சந்து வேலையை முடித்துவிட்டு வருகிறேன்" என்று ஜீப்பில் ஏறினார்.

நாலரை ஆனது, ஐந்தும் ஆனது. சந்து முனைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இருட்டும் நேரத்தில் டிவியில் தேர்தல் தேதியைச் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஆகிவிட்டதால் அவர் நிற்கவில்லை. எங்கள் சந்தையும் மறந்துவிட்டார். ஜெயித்து வந்த அம்மாளிடம் போனேன். நல்ல மாதிரிதான், உட்காரச் சொல்லி அண்ணன் முறை வைத்துப் பேசினார்.

"இப்போதுதானே வந்திருக்கிறேன் பையா. இன்னும் ஐந்து வருடம் இருக்கிறதே."

அவருக்கு இருந்தது. என் குழந்தைக்கு அன்று சாயங்காலமே தாகம் எடுக்குமே. பல் தேய்க்கக்கூடக் காய்ச்சிய தண்ணீர்தான் என்று வீட்டில் சட்டம் போட்டேன். பள்ளிக்கூடக் குழாயில் வாய் வைத்துவிடுவாளோ என்ற நினைப்பில் ஆபீஸில் ஃபைல் ஓடாது.

அந்த அம்மாளின் ஐந்தாம் வருடத்தில் ஆட்கள் வந்து சாக்கடையைக் கட்டினார்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் காய்ச்சும் அடுப்பை நான் நிறுத்தவில்லை.